சாணி உருண்டையில வந்த தோடு

தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளைன்னா வேலைக்கு வந்தவங்களுக்குப் பேர் போடுற வேலைன்னு வெளியில நினைக்கிறாங்க; தொழிலாளிக குடியிருக்கிற லயத்துல எது காணாமப் போனாலும் முதல் ஒப்பாரி நம்ம வாசல்லதான்னு இந்த வேலையில மாட்டினவங்களுக்குத்தான் தெரியும்.

நான் இலங்கை மலைநாட்டுல அக்கரப்பத்தனைப் பக்கம் இருந்தப்ப தேயிலை விலை விழுந்துபோச்சு. ஆள் குறைக்க தோட்டத்துத் துரை சாக்குத் தேடிக்கிட்டிருந்தார். களவுன்னு ஒரு வார்த்தை ஆபீசுக்குப் போனா, குடும்பத்துக்கே பத்துச்சீட்டுதான். வேலையும் போகும், தங்கியிருக்கிற லயத்துக் காம்பராவும் போகும். அதனால எல்லாத்தையும் மாரியம்மன் கோயில் வாசல்லயே, பூசாரியை வச்சுப் பேசி முடிச்சுருவோம்.

பூசணிக்காய்

கருப்பையாவோட காய்கறிப் பாத்தியில காய்ச்ச பூசணிக்காயை கொழுந்து பறிக்கிற சின்னத்தாயி தெரியாம அறுத்துட்டா. புருஷன் மாசக்கணக்கா படுத்த படுக்கை, ரெண்டு பிள்ளைக, அவ ஒருத்தி கூலியிலதான் அடுப்பு எரியணும். கேட்டதும் மறைக்காம ஒத்துக்கிட்டா. ஒரு ஞாயித்துக்கிழமை கருப்பையா பாத்திக்குக் களை வெட்டணும், மிச்சக் காயைக் கறியாக்கி முதல் கரண்டி அவருக்கே போடணும்னு பூசாரி சொன்னார். களையும் வெட்டினா, கறியும் வந்துச்சு. கருப்பையா சாப்பிட்டுட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "உப்புதாங்க கம்மி. காய் நம்மளோடது, அதைக் குறை சொல்ல முடியாது."

கவ்வாத்துக் கத்தி

இதுல குத்தவாளி நான்தான். தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தி, ஒருத்தனோடதைக் காணோம். விடியக்காலை பேர் கூப்பிடுற பெரட்டுல, அத்தனை சனத்துக்கு முன்னால, அவன்கூட வேலை செஞ்ச செல்லமுத்துவைத் திருட்டுப் பயலேன்னு கத்திட்டேன். அவன் பாட்டுக்கு மலையேறி வேலைக்குப் போயிட்டான். மூணாம் நாள் அந்தக் கத்தி தேயிலைத் தூர்லயே கிடந்துச்சு.

பூசாரி என் வாசலுக்கே வந்து, வைத இடத்துலதான் மன்னிப்பும் கேக்கணும்னார். உத்தியோகக்காரன் எப்படிய்யா கேக்கிறதுன்னு ரெண்டு நாள் இழுத்தேன். அப்புறம் பெரட்டுல நின்னு, தப்பு என்மேலதான்னு முணுமுணுத்தேன். செல்லமுத்து கையைக் கட்டிக்கிட்டுச் சொன்னான்: "அன்னிக்குப் போட்ட சத்தம் இன்னும் வரலைங்கய்யா."

தோடு

பெரிய கங்காணி மருமக முத்தம்மாவோட சிவப்புக்கல் தோடு ஒண்ணு காணாமப் போச்சு. பூசணிக்காய் அறுத்தவ கைதான்னு லயமே சின்னத்தாயியைப் பார்த்துச்சு. நாளைக்குப் பெரட்டுக்குள்ள தோடு வரலைன்னா துரைகிட்ட அவ பேரைச் சொல்லிருவேன்னு கங்காணி சொல்லிட்டார். அவ எடுத்திருக்க மாட்டான்னு எனக்குத் தோணுச்சு. சொல்லத்தான் வாய் வரல.

கோயில் வாசல் மெழுக வீட்டுக்கு ஒரு சாணி உருண்டை கொண்டாங்கன்னார் பூசாரி. பெரியவங்க இந்தியாவுல இருந்து கொண்டாந்த பழக்கம் அது. எடுத்தவங்க பொருளை உருண்டைக்குள்ள வச்சுப் போட்டுரலாம். யார் போட்டதுன்னு யாரும் கேக்கக்கூடாது. சாயங்காலம் எல்லா உருண்டையும் தொட்டியில விழுந்துச்சு. பூசாரி கரைச்சுத் தேடினார். தோடு கையில வந்துச்சு.

முத்தம்மா அதைக் கழுவிப் பார்த்தா. பக்கத்துல நின்ன எனக்கே தெரிஞ்சுது, கல்லு சிறுசு, அவளோடது இல்ல. அவ நிமிர்ந்து சின்னத்தாயியைப் பார்த்தா. சின்னத்தாயி தோட்டைக் கழட்டிட்டு ரெண்டு காதுலயும் ஈர்க்குக்குச்சி சொருகியிருந்தா. முத்தம்மா மாமனார் பக்கம் திரும்பி, "என்னோடதுதான் மாமா"ன்னு சொல்லி முந்தானையில முடிஞ்சுக்கிட்டா. கங்காணி எழுந்து போயிட்டார்.

மறுவாரம் முத்தம்மாவோட நிசத் தோடு அவ கம்பளி மடிப்புலயே கிடைச்சுது. என்னையும் கூட்டிக்கிட்டு சின்னத்தாயி காம்பராவுக்குப் போனா. ஒரு காது ஈர்க்கை எடுத்துட்டு அந்தச் சின்னத் தோட்டை முத்தம்மாவே மாட்டிவிட்டா. எடுக்காத பொருளுக்கு ஏம்மா உன்னோடதைப் போட்டேன்னு நான் கேட்டேன். சின்னத்தாயி உள்ள படுத்திருந்த புருஷனை ஒரு தரம் பார்த்துட்டுச் சொன்னா: "எடுக்கலைன்னு சொன்னா யாருங்கய்யா நம்புவீங்க? ஒரு தோட்டைக் கொடுத்தா, இவரை மழையில தூக்கிக்கிட்டு அலையவேண்டாம்ல."

அந்தத் தோட்டத்துல காணாமப் போனதெல்லாம் எப்படியோ திரும்பி வந்துச்சுங்க. நாங்க சின்னத்தாயிகிட்டருந்து எடுத்த நல்ல பேரு மட்டும் எத்தனை சாணி உருண்டையைக் கரைச்சும் கையில அகப்படல.