முறத்தளவு ஓவியம்

1961 ஆகஸ்ட் 12, சனிக்கிழமை. காலை ஐந்து பத்துக்கு எழுந்தேன். கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். குளித்து, களி சாப்பிட்டு, ஏழே காலுக்கு, நான் ஆசிரியராக இருந்த மலைப் பள்ளிக்கூடத்தைத் திறந்தேன். ஆறு பென்சில் சீவினேன். நாட்குறிப்பில் அடுத்த வரி, ‘நண்பர் வந்தார்.’ அந்த வரியில் மட்டும் பேனா அழுந்தியிருக்கிறது.

ஆசிரியப் பயிற்சியில் இருவருக்கும் ஒரே அறை. ஓவியத்தில் எனக்கு எண்பத்து நான்கு, அவருக்கு ஐம்பத்தொன்று. அளவுகோல் இல்லாமல் அவருக்கு ஒரு கோடு நேராக வராது. ஐரோப்பாவுக்கு நான்கு மாதப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டவர் அவர். நான் போட்ட விண்ணப்பத்துக்குப் பதில்கூட வரவில்லை.

எங்கள் வகுப்புச் சுவரில் ஆறடி உயரத்துக்கு ஒரு பெண்ணை வரைந்திருந்தேன். கைமேல் கை வைத்து, சிரித்தும் சிரிக்காமலும் உட்கார்ந்திருப்பாள். பாரீஸில் இருக்கும் அந்தப் படத்தை ஒரு புத்தகத்தில், தீப்பெட்டி அளவில், கறுப்பு வெள்ளையில்தான் பார்த்திருந்தேன். ‘உலகின் பெரிய ஓவியங்களில் ஒன்று’ என்று கீழே அச்சிட்டிருந்தது. ஒன்பது வருடமாக மலையில் அவளைப் பற்றிச் சொல்ல என்னை விட்டால் ஆளில்லை. அந்த இடத்தை நான் யாருக்கும் கொடுக்கத் தயாராக இல்லை.

நண்பர் அடிவாரத்திலிருந்து நடந்தே ஏறி வந்திருந்தார். பெற்றோர்களையும் கூட்டி, அவரைப் பேசச் சொன்னேன். தடுமாறுவார் என்று எதிர்பார்த்தேன்.

நாலு நாடு பார்த்து வந்ததாக ஆரம்பித்தார். முன்னால் இருந்த மிளகு விவசாயி எழுந்தார்.

“எந்தெந்த நாடுங்க? ஆலத்தூர் நாடு, திண்ணனூர் நாடெல்லாம் நாங்களும் நடந்து பாத்ததுதானுங்க.”

மலையில் நாடு என்றால் சில ஊர்கள் சேர்ந்த பகுதி. பள்ளிக்கூடம் இருந்ததே வாழவந்தி நாட்டில். கப்பலில் போகிற நாடு என்று நண்பர் விளக்கினார். எல்லோரும் சிரித்தார்கள். அதிக நேரம் சிரித்தவன் நான்.

பிறகு அவர் அந்தப் படத்தைப் பார்த்ததைச் சொன்னார். மழையில் வரிசை, புதுச் செருப்பு கடித்த கால், உள்ளே போனால் முன்னால் நிற்பவர்களின் தோள்கள். மூடும் மணி அடித்து எல்லோரும் நகர்ந்த பின், ஒரு நிமிடம் அவர் மட்டும் அவள் எதிரில் நின்றாராம். அந்த ஒரு நிமிடம் எனக்குச் சேர வேண்டியது என்றே தோன்றியது.

விவசாயியின் மனைவி சுவரைக் காட்டிக் கேட்டார்.

“இம்புட்டுப் பெருசாங்க அந்த அம்மணி?”

நண்பர் பதில் சொல்லுமுன் என்னைப் பார்த்தார். இரக்கப்பட்டு அவர் பார்த்த அந்தப் பார்வையை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

“இல்லீங்க. மொறத்தைவிடக் கொஞ்சம் நீளம். அவ்வளவுதானுங்க.”

பெரிய ஓவியம் என்றால் பெருமையில் பெரியது. ஒன்பது வருடமாக நான் அதை அடிக்கணக்கில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

விவசாயி என் பக்கம் திரும்பினார்.

“ஏனுங்க வாத்தியாரே, நான் நாட்டைத் தப்பா எடுத்துக்கிட்டேன். நீங்க அம்மணியத் தப்பா எடுத்துக்கிட்டீங்க. சரியாப் போச்சுங்க.”

இந்தச் சிரிப்பு முன்னதைவிட நீளம். நண்பர் மட்டும் சிரிக்கவில்லை. புறப்படும்போது அந்தப் படம் போட்ட வண்ண அட்டை ஒன்றை என் கையில் வைத்து, எனக்காகவே வாங்கியதாகச் சொன்னார். நன்றி என்றேன். அவள் முகத்தைப் பார்க்காமல் நாட்குறிப்புக்குள் கவிழ்த்து வைத்தேன். அட்டையின் முதுகில் அளவு அச்சிட்டிருந்தது. அங்குலத்துக்கு மாற்றிக் குறித்தேன்: உயரம் முப்பது, அகலம் இருபத்தொன்று.

மறுநாள் ஞாயிறு. கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதற்கு முன்பே, அட்டையையும் அளவுகோலையும் எடுத்துக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தைத் திறந்தேன். ஆறடிப் பெண்ணுக்குப் பக்கத்தில், முப்பதுக்கு இருபத்தொன்று என்று ஒரு கட்டம் போட்டேன். அதன் பிறகுதான் அட்டையைத் திருப்பினேன்.