டெஃபனட்டா என்று நான் சொன்ன நாள்

காலையில் மகன் போன் பண்ணினான். பொங்கலுக்கு வருவாயா என்று கேட்டேன். "டெஃபனட்டா வர்றேம்மா" என்றான். அதோடு வைத்திருக்கலாம். அவனாகவே மறுபடியும் "டெஃபனட்டா" என்றான். அப்புறம் என்னால் உட்கார முடியவில்லை. டீயை இறக்கி வைத்தேன், குடிக்க மறந்தேன். கொல்லைக்குப் போனேன், எதற்கு என்று தெரியாமல் திரும்பி வந்தேன்.

நான் மூன்றாவது வரை படித்தவள். எனக்குத் தெரிந்த நாலைந்து இங்கிலீஷ் சொற்களில் இது ஒன்று. கண்டிப்பாக என்று அழுத்திச் சொல்ல இதைப் போடுவார்களாம். இருக்கட்டும். இதைக் கேட்டால் எனக்கு முளைத்த நெல்லின் வாடைதான் வரும்.

பாபநாசம் பக்கம், வாய்க்கால் கரையில் எங்கள் தெரு. ஒரு அறுப்பில் கட்டெல்லாம் மிராசுதார் களத்தில் கிடந்தது. மேற்கே கறுத்திருந்தது. மூடிப் போடவா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். மிராசுதார் மகன் காலேஜில் படித்தவர். வானத்தைப் பார்க்காமலே சொன்னார்: "டெஃபனட்டா மழ வராது. போங்கடா."

மூன்று நாள் பெய்தது. நெல் முளைத்துக் களமே புளித்து நாறியது. நடவுக்குப் போகும் பெண்கள் நாங்கள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டோம். "ஏண்டி, கஞ்சி இருக்கா?" "டெஃபனட்டா இருக்கு." அப்படியென்றால் பானை காலி.

அப்புறம் சிரிப்பு நின்றது. கூலித் தகராறில் வெளியூர் ஆள் இறக்கினார்கள். குடியிருக்கிற மனை கூலிக்காரனுக்கே என்று சட்டமும் வந்தது. எங்கள் குடிசை போன வருஷம் திருட்டுத்தனமாகப் போட்டது என்று மிராசு வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தாசில்தார் விசாரிக்க வந்தார். அவர் நம்பாவிட்டால் குடிசையைப் பிரிக்க வேண்டியதுதான். போக்கிடம் கிடையாது. மகன் அப்போது என் வயிற்றில்.

"எவ்வளவு நாளா இருக்கீங்க?"

"எங்கப்பா காலத்துலேருந்து இருக்கோமுங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"டெஃபனட்டா பொய் சார்" என்றார் மிராசுதார் மகன்.

தாசில்தார் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "யோசிச்சுச் சொல்லுப்பா. நிச்சயமா அப்பா காலத்துலேருந்தா?"

இவர் வாயைத் திறக்கவில்லை.

எங்கள் ஆட்கள் அப்படித்தான். ஒரு சங்கதியை ஒரு தடவைதான் சொல்வது. திரும்பக் கேட்டால், கேட்கிறவன் நாம் முதலில் சொன்னதைப் பொய் என்று நினைக்கிறான். அதற்கும் பதில் சொன்னால் ஆமாம் பொய்தான் என்று ஒப்புக்கொண்ட மாதிரி. தாசில்தாருக்கு இது எப்படித் தெரியும். பதில் இல்லை என்று எழுதப் பேனாவைத் திறந்தார்.

ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன்.

"டெஃபனட்டா எங்க மாமனார் காலத்து மனைங்க. டெஃபனட்டா. கொல்லையில தென்னை நிக்கிது, வந்து பாருங்க. போன வருசம் வச்சதாங்க அது?"

பின்னால் பெண்கள் சிரித்துவிட்டார்கள். காலிப்பானைதானே அவர்களுக்கு அந்தச் சொல். தாசில்தார் சிரிக்கவில்லை. எழுந்து வந்தார். காய்த்துத் தொங்கிய மரத்தை அண்ணாந்து பார்த்தார். எழுதினார். மனை எங்களுக்கு வந்தது.

அன்று சாயங்காலம் இவர் கேட்டார்.

"நான் சொன்னது பத்தலயா?"

"அவரு எழுதப் போனாருங்க."

"எழுதட்டுமே."

இரண்டு நாள் என் கையால் சோறு வாங்கவில்லை. இன்றைக்கு அதே இடத்தில் நின்றாலும் நான் பேசத்தான் செய்வேன். ஆனாலும் அவர் கேட்டது அப்படியே கிடக்கிறது.

தென்னை புயலில் போயிற்று. குடிசை போய் ஓடு, ஓடு போய்த் தளம். அவரும் போய்விட்டார். இரண்டாம் தடவை கேட்டால் வாயை மூடிக்கொள்கிற ஆள் தெருவில் இப்போது ஒருவரும் இல்லை. நானும்தான். ரேஷன் கடையில் விரலை வை என்கிறார்கள். பதியவில்லை, துடைத்துவிட்டு மறுபடி வை என்கிறார்கள். வைக்கிறேன். அவர் இருந்தால் முதல் தடவையோடு பையைச் சுருட்டிக்கொண்டு வந்திருப்பார்.