வெளுத்த பிள்ளை

கொக்குவிலில ஒரு கலியாணம். மண்டபத்துக்குள்ள போனதிலயிருந்து என்ரை மகளைப் பாத்தவை எல்லாரும் ஒரே கதை: "பிள்ளை நல்ல வெள்ளையா வந்திட்டாள்!" ஒன்பது வயசுப் பிள்ளை, பிறந்ததிலயிருந்து என்னைப்போல நல்ல கறுப்பு. ஒரு மாசத்துக்குள்ள வெளுத்துப்போய்க் கதிரையில சாஞ்சு கிடக்கிறாள். அதுக்கு வாழ்த்து வேறை!

மனுசன்ரை அக்கா, என்ரை மச்சாள், "நான் தந்த குங்குமப்பூ வேலை செய்யுது" எண்டு ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரியிறா. எனக்குப் பத்தியெரிஞ்சுது. குங்குமப்பூவாம்!

அந்த மாசம் முழுக்க நான் கத்தினது ஒருத்தற்றை காதிலயும் ஏறேல்லை. காய்ச்சல் விட்டு விட்டு வருது எண்டால், "இப்ப எல்லாப் பிள்ளையளுக்கும் காய்ச்சல்தான்." கால் நோகுது எண்டு பிள்ளை அழுதால் மனுசன், "வளருற பிள்ளைதானே." ரியூசனுக்கு ஏலாது எண்டால் பஞ்சியாம், சோம்பலாம். ஸ்கொலசிப் சோதினை வருதாம், சாட்டுச் சொல்லுறாளாம்.

அண்டைக்கு மண்டபத்தில பிள்ளைக்குச் சட்டை மாத்தேக்க பாத்தன். எங்கையும் விழாத பிள்ளைக்கு முதுகெல்லாம் கண்டிப்போய் நீலம் நீலமாக் கிடக்கு. "வெள்ளையா வந்தால் உதடும் வெளுக்குமோ? பல்லைச் சுத்தியிருக்கிற முரசும் வெளுக்குமோ?" எண்டு மச்சாளிட்டைக் கேட்டன்.

"நல்ல நாளில கண்டதையும் கதைக்காதையும். தாலி கட்டினாப்பிறகு போகலாம்."

போங்கோ, நீங்களும் உங்கடை தாலியும்! பட்டுச்சீலையோட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட்டோவில ஏறினன்.

ஆஸ்பத்திரியில டொக்டரம்மா பிள்ளையின்ரை கீழ் இமையை இழுத்துப் பாத்தா, உள்ளுக்குத் துளி சிவப்பில்லை; கழுத்தைத் தடவினா, வயித்தை அமத்தினா. "எவ்வளவு நாளா இப்பிடி?" எண்டு கேட்டா. ஒரு மாசம் எண்டு சொல்லேக்க எனக்கே வெக்கமாக் கிடந்துது. இரத்தம் சோதிச்சு, கொழும்புக்கு அனுப்பி, எலும்புக்குள்ள ஊசி போட்டு எடுத்துப் பாத்துத்தான் உறுதியாச் சொல்லிச்சினம்: இரத்தப் புற்றுநோய். பிள்ளையளுக்கு வந்தால் மாத்திச் சுகமாக்கலாம் எண்டும் சொல்லிச்சினம், அதைத்தான் நான் பிடிச்சுக்கொண்டன். மச்சாள் போன் எடுத்து, "ஒருத்தருக்கும் சொல்லாதையும், நாளைக்கு அவளுக்குக் கலியாணம் பேசேக்க இடைஞ்சல்" எண்டா. ஒன்பது வயசுப் பிள்ளைக்கு! போனைக் கட் பண்ணிப்போட்டன்.

ஒரு வருசத்துக்கு மேல மருந்து. பிள்ளையின்ரை தலைமயிர் கொட்டித் திரும்ப முளைச்சிட்டுது. மருந்துக் குளிசை இன்னும் நிக்கேல்லை. போன கிழமை பின்னேரம் மகள் வீட்டு முத்தத்தில சைக்கிள் ஓடிக்கொண்டு நிண்டாள். கேற்றைத் திறந்த மச்சாள் நெஞ்சில கை வைச்சா: "ஐயோ, பிள்ளை என்ன இப்பிடிக் கறுத்துப்போனாள்!"

"ஓம் மச்சாள், கறுத்திட்டாள்" எண்டன். மகளைப் பிடிச்சு நிப்பாட்டிக் கீழ் இமையை இழுத்துப் பாத்தன். நல்ல சிவப்பு. மச்சாள் நிக்கிறா எண்டும் பாக்காமல் குழறி அழுதுபோட்டன்.

"விடுங்கோ அம்மா, கண் எரியுது" எண்டு தட்டிவிட்டிட்டு அவள் திரும்பச் சைக்கிளில ஏறீட்டாள்.