இலுப்பை மரத்திடம் ஒரு கேள்வி: காரைக்குடிப் பக்கம் மூன்று பழைய மரங்கள்

ஆவணியில் காரைக்குடியில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை என் சித்தப்பா மகன். முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமை, என்னை வெள்ளியன்றே வரச் சொல்லிவிட்டார்கள். கல்யாண வீட்டில் இரண்டு நாள் உட்கார்ந்து 'உனக்கு எப்போ?' என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுமை எனக்குக் கிடையாது. சனிக்கிழமை முழுக்க மரம் பார்ப்பது என்று ரயிலிலேயே முடிவு செய்துவிட்டேன்.

ஏன் மரம் என்று கேட்பீர்கள். பாலங்களைச் சோதிப்பது என் வேலை. விரிசல், சாய்வு, துருப்பிடித்த கம்பி, இவற்றோடுதான் என் நாள் போகும். போன வருஷம் சென்னையில் என் தெருவில் நின்ற பெரிய தூங்குமூஞ்சி மரத்தைக் கால்வாய் வேலைக்காக வெட்டினார்கள். கீழே கிடந்தபோதுதான் டேப் பிடித்து அளந்தேன். நிற்கும்போதே அளந்திருக்கலாமே என்று தோன்றியது. அதிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் பையில் டேப்பும் ஒரு சின்ன மரச்சுத்தியலும் இருக்கும்.

சென்னையிலிருந்து காரைக்குடிக்கு ரயிலில் ஏறக்குறைய ஏழு மணி நேரம். சுற்றிப் பார்க்க ஆட்டோதான் சரி; டவுன் பஸ்ஸை நம்பினால் பாதி நாள் நிறுத்தத்திலேயே போய்விடும். காலை ஏழிலிருந்து மாலை வரை ஆயிரத்து நானூறு ரூபாய் பேசினேன். ஓட்டியவர் பாண்டி அண்ணன். எங்கே போகணும் என்றார். பழைய மரங்கள் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் என்றேன். வண்டியை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"எல்லாரும் செட்டிநாட்டு வீடு பாக்கத்தான் வருவாக. மரம் பாக்க ஆட்டோ பிடிச்ச ஆளு நீங்கதான் தம்பி. உங்க ஊருல மரமே இல்லையா?"

இல்லை என்றேன். அதற்குப் பிறகு அவர் கிண்டல் செய்யவில்லை. வழியில் தென்பட்ட வேப்பங்கன்றைக்கூட நிறுத்திக் காட்ட ஆரம்பித்துவிட்டார். அதுதான் பெரிய தொல்லை.

முதலில் அமராவதிபுதூர்ப் பக்கம். ஏழெட்டு கிலோமீட்டர். சாலையோரத்தில் மிஞ்சியிருக்கும் புளியமரங்கள். வரிசை என்று சொல்ல முடியாது. பல் விழுந்த வாய் மாதிரி நடுநடுவே இடைவெளி. ஆனால் இருக்கிற ஒவ்வொன்றும் பெரிய ஆள். ஒன்றின் அடிமரத்தைச் சுற்றி டேப்பை ஓட்டினேன்: பதினெட்டு அடி. புளிய மரத்தின் தண்டு முறுக்கிப் பிழிந்த துணி மாதிரி திருகியிருக்கும். காற்று எந்தப் பக்கம் இழுத்தாலும் தாங்கும் வடிவம் அது. வயது என்ன என்று யாரையும் கேட்காதீர்கள். முந்நூறு, ஐந்நூறு என்று வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். எனக்குத் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது.

அடுத்தது நாச்சியாபுரம் பக்கத்தில் ஓர் ஊருணிக்கரை ஆலமரம். காரைக்குடிக்குத் திரும்பி அங்கிருந்து மேற்கே சுமார் பதினைந்து கிலோமீட்டர். இங்கே டேப்பை வெளியே எடுக்கவே இல்லை, எதை அளப்பது? தாய்மரம் எது, விழுது எது என்று தெரியாத அளவுக்குத் தூண்கள். பாலத்தில் நாங்கள் பாரத்தைக் கணக்குப் போட்டுவிட்டுத் தூணை வைப்போம். ஆலமரம் கிளையை நீட்டிக்கொண்டே போகிறது, பாரம் கூடுகிற இடத்தில் தூணை இறக்கிக்கொள்கிறது. வரைபடம் இல்லை, அனுமதி இல்லை. இருபது நிமிஷம் வாயைத் திறந்தபடி நின்றேன் என்று பாண்டி அண்ணன் பிறகு சொன்னார். எனக்கு ஐந்து நிமிஷம் மாதிரிதான் இருந்தது.

சாப்பாட்டை முடித்துவிட்டுப் பள்ளத்தூரைத் தாண்டி, கண்மாய்க்கரையில் இருக்கும் ஓர் ஐயனார் கோயிலுக்குப் போனபோது மணி மூன்று. இந்தக் கட்டுரையை எழுதுவதே அந்த இலுப்பை மரத்துக்காகத்தான்.

தரையிலிருந்து பத்தடி வரை ஒரே தண்டு. யானைத்தோல் மாதிரிப் பிளவுபட்ட பட்டை. அதற்கு மேலே நான்கு பெரிய கிளைகள், ஒவ்வொன்றும் தனி மரம் என்று சொல்லத்தக்க பருமன். கோயிலில் நிழல் என்றால் மண்டபம் இல்லை, இந்த மரம்தான். நான் பார்த்த மரங்களில் இத்தனை நேராக, இத்தனை அமைதியாக நின்ற மரம் இன்னொன்று இல்லை.

மரத்துக்கு மேற்கே, சாலையோரமாக, நான்கு கம்பில் தகரம் போட்ட டீக்கடை. நடத்துபவர் முத்துலட்சுமி அக்கா. மாலை வியாபாரம்தான், உளுந்த வடையும் டீயும். மேற்கு வெயில் முகத்தில் அடிப்பதால் ஒரு தார்ப்பாயைத் தொங்கவிட்டிருந்தார். கடைக்கு நேர் மேலே, மேற்கே நீளும் கிளை. தண்டோடு அது சேரும் இடத்தில் ஒரு விரிசல். ஆடிக்காற்றில் விட்டதாம்.

விரிசலைப் பார்த்ததும் எனக்கு வேலைப் புத்தி வந்துவிட்டது. கோயில் பூசாரி கருப்பையா அண்ணன் பகலில் எலக்ட்ரீசியன். அவருடைய ஏணி கோயில் சுவரிலேயே சாய்ந்திருந்தது. கேட்டேன். கொடுத்தார். "செருப்பக் கழட்டிட்டு ஏறுங்க" என்பதோடு சரி. மேலே போய் மரச்சுத்தியலால் தட்டினேன். நல்ல மரம் 'ணங்' என்று பதில் சொல்லும். இது பொத்தென்றது. உள்ளே வெறும் கூடு. விரிசலில் என் விரல் இரண்டு கணு வரை போனது.

இறங்கி வந்து சுற்றிவளைக்காமல் சொன்னேன்: இந்தக் கிளை ஐப்பசி மழையைத் தாங்காது, நாளைக்கே வெட்டுங்கள். அக்கா கரண்டியை வைத்துவிட்டு மேலே பார்த்தார். அவருக்கு இது புதுச் செய்தி இல்லை. ஒரு மாதமாக ஊரில் இதுதான் பேச்சாம். ஐயனார் மரத்தில் அரிவாள் வைக்க யாருக்கும் துணிவில்லை. கேட்காமல் வைக்கக் கூடாது. இன்று மாலைதான் பூக்கட்டிக் கேட்கப் போகிறார்கள்.

தெரியாதவர்களுக்கு: வெள்ளைப் பூவைத் தனியாகவும் சிவப்புப் பூவைத் தனியாகவும் இலையில் மடித்துக் கட்டி, சாமி முன்னால் போடுவார்கள். இரண்டு பொட்டலமும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும். கேள்வியைச் சொல்லிவிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் கிளையை வெட்டலாம். சிவப்பு வந்தால் மரத்தில் கை வைக்கக் கூடாது.

எடுப்பது யார் என்பதில்தான் சிக்கல். போன தடவை வேறொரு காரியத்துக்குப் பூசாரி வீட்டுப் பிள்ளை எடுத்து, அதிலேயே சண்டை. ஊரில் இருக்கிற எல்லோருக்கும் இந்த மரத்தில் ஏதாவது ஒரு பிடிமானம் உண்டு. கருப்பையா அண்ணன் என்னைப் பார்த்தார்.

நான் மறுத்தேன். என் கருத்தைத்தான் ஏற்கெனவே சொல்லிவிட்டேனே, நான் எப்படிப் பொது ஆள் என்றேன்.

"கருத்து இருக்கலாம் தம்பி. நாளைக்கு ரயிலேறிப் போயிருவீக. கிளை விழுந்தாலும் உங்க தலையில விழாது, நின்னாலும் உங்களுக்கு நிழல் இல்ல. அதான் உங்களக் கேக்குறோம்."

கருப்பையா அண்ணன் சொன்னது சரிதான். கை கால் கழுவிவிட்டுப் போய் நின்றேன். முப்பது பேர் இருப்பார்கள். மேடையில் ஏறிப் பேசும்போதுகூட எனக்கு இப்படி வியர்த்ததில்லை. அக்கா சுவரோரமாகக் கைகட்டி நின்றார். வெள்ளை வர வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன் என்றால் நண்பர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

எடுத்தேன். சிவப்பு. செவ்வரளி.

எனக்குக் கோபம். இரண்டு பொட்டலத்தில் ஒன்று, சுண்டிவிட்ட காசு மாதிரிதானே, இன்னொரு தடவை எடுக்கிறேன் என்றேன். கருப்பையா அண்ணன் இலையை மடித்து வைத்தபடி சொன்னார்: "மறுக்கா கேட்டா அது கேள்வி இல்ல தம்பி, பிடிவாதம்."

ஆட்கள் கலைய ஆரம்பித்தார்கள். முத்துலட்சுமி அக்கா மட்டும் நேராக என்னிடம் வந்தார்.

"மரத்துல கை வைக்கக் கூடாது, சரி. என் கடையில வைக்கலாம்ல? அந்தக் கிளை முறிஞ்சா எம்புட்டுத் தூரம் வரும்? அத மட்டும் சொல்லுங்க."

ஒரு மாதமாக ஊரே மரத்தை என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டிருந்தது. வந்து அரை மணி நேரத்தில் நானும் அதையேதான் கேட்டேன். கடையை யாரும் கணக்கில் எடுக்கவில்லை, சாலையோரத்தை விட்டு வந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்பதால்.

டேப்பை எடுத்தேன். பாண்டி அண்ணன் ஒரு முனையைப் பிடித்தார். கிளையின் நீளம் முப்பத்தொரு அடி. ஒடிந்து திரும்பி விழுந்தாலும் மேற்குப் பக்கம் நாற்பது அடிக்கு மேல், சாலை வரைக்கும், வராது. மற்ற மூன்று கிளைகளையும் ஏணி வைத்துத் தட்டினேன். மூன்றும் 'ணங்'. கிழக்கே போய்விடுங்கள் என்றேன். அக்கா சாலையைத் திரும்பிப் பார்த்தார். கிழக்கே போனால் அங்கிருந்து கடை கண்ணுக்குத் தெரியாது.

அப்போது மணி நாலரை. மரத்தின் நிழல் முழுசாகக் கிழக்கே சாய்ந்து கிடந்தது. நான் கையை நீட்டிக் காட்டினேன். அவர் வியாபாரமே இந்த நேரத்தில்தான். இத்தனை நாள் தார்ப்பாய் கட்டிக்கொண்டு நிழலுக்கு முதுகைக் காட்டி வடை சுட்டிருக்கிறார்.

"காலையில வெயிலு அங்குட்டு அடிக்கும். எனக்குக் காலையில ஏது வியாபாரம்" என்றார், தனக்குத்தானே. பிறகு கூட்டத்தைப் பார்த்து, "வடை வாசம் ரோட்டுக்கு வராதா என்ன? வராட்டி உங்க மூக்குலதான் கோளாறு. வந்து கம்பப் பிடிங்க" என்றார்.

பிடித்தோம். நான்கு கம்பு, தகரம், அடுப்பு, இரண்டு பெஞ்சு. வெளிச்சம் போவதற்குள் கடை கிழக்கே நின்றது. கருப்பையா அண்ணன் விளக்குக்கு வயர் இழுத்தார். மேற்கே நாற்பது அடிக்குக் கருவேல முள் வெட்டிப் போட்டு யாரும் உள்ளே போகாதபடி அடைத்தார்கள். கல்யாண வீட்டுக்கு நான் சட்டையெல்லாம் மண்ணாகப் போய் நின்றேன். 'உனக்கு எப்போ' என்று அன்று யாரும் கேட்கவில்லை.

போகிறவர்களுக்கு: டேப் கொண்டுபோங்கள், தண்ணீர் கொண்டுபோங்கள், வெயிலுக்கு முன்னால் புளியமரங்களை முடித்துவிடுங்கள். ஐயனார் கோயிலுக்கு மூன்று மணிக்கு மேல் போங்கள், முன்னால் போனால் கடை இருக்காது. சாலையிலிருந்து கடை தெரியாது. வாசத்தைப் பிடித்துக்கொண்டு மரத்தைச் சுற்றிக் கிழக்கே போக வேண்டும். முள்ளைத் தாண்டிப் படம் எடுக்காதீர்கள். அந்தக் கிளை ஐப்பசியைத் தாண்டாது என்பது என் கணக்கு. தொழிலில் என் கணக்கு இதுவரை தப்பியதில்லை. இது ஒன்று தப்ப வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். மழைக்குப் பிறகு அந்தப் பக்கம் போகிறவர்கள் வடையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். கிளை நிற்கிறதா இல்லையா என்று கீழே கருத்துப் பெட்டியில் எழுதுங்கள். நிற்கிறது என்றால், தோற்றேன் என்று நானே முதல் ஆளாக வந்து பதில் போடுகிறேன்.