அஞ்சலை கொல்லைக் கத்திரிக்காய்

போன வாரம் ஒரு பெரிய கடையில் கத்திரிக்காய் ஒன்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோனேன். பக்கத்தில் நின்ற கடைப்பெண், "என்ன சார், மோந்து பாக்குறீங்க? பழமா அது?" என்றாள். அசட்டுச் சிரிப்போடு வைத்துவிட்டேன். காயில் ஒரு வாசனையும் இல்லை. அன்றைக்குப் பறித்த கத்திரிக்காய்க்குப் பச்சையும் மண்ணும் கலந்த வாசனை ஒன்று உண்டு. எனக்கு அது விருத்தாசலம் சந்தையில் பழக்கமானது.

அறுபதுகளின் கடைசி. பீங்கான் தொழிற்சாலையில் எனக்குப் புது வேலை. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் வெள்ளைக் களிமண் நிற்கும். அம்மாவோடு பை தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போனால், காய் விற்கும் அஞ்சலை என் கையைப் பார்த்துத்தான் பேச்சையே தொடங்குவாள். "தம்பி, உங்க மண்ணுல ஜாடி வெளையுது, எங்க மண்ணுல கத்திரிக்கா வெளையுது. எதத் திங்கறதுன்னு நீங்களே சொல்லுங்க." ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவளுக்கும் அவள் புருஷனுக்கும் கொஞ்சம் நிலம் இருந்தது. எங்கள் ஊரில் அதைக் கொல்லை என்போம். விடியலில் பறித்ததை அவர்களே வண்டி கட்டிக் கொண்டுவந்து விற்பார்கள். நடுவில் யாரும் கிடையாது.

அம்மா அவளிடம் காயைவிடக் கதைதான் அதிகம் வாங்கினாள். எந்தப் பாத்தியில் காய்ப்பு ஓய்ந்தது, எந்த மாடு சினை என்பதெல்லாம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டில் பேசப்படும். அஞ்சலை கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க மரத்தடிக்குப் போனால், அம்மா அவள் சாக்கில் உட்கார்ந்து தராசு பிடிப்பாள். ஒருமுறை, வாத்தியாரான அப்பாவின் தலைமையாசிரியரே அம்மாவிடம் கத்திரிக்காய் வாங்கிப்போய்விட்டார். அப்பாவுக்கு மானம் போயிற்று. "காய் நல்லாருந்துச்சுன்னாரா, இல்லியா? அதச் சொல்லுங்க" என்றாள் அம்மா.

அந்த அப்பாதான் என் தங்கை கல்யாணத்துக்கு, கௌரவமாக இருக்கட்டுமென்று, வெளியூர் மண்டியில் பீன்ஸ், கேரட், கோஸ் எல்லாம் சொல்லிவைத்தார். கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் வேப்பூரிலிருந்து ஆள் வந்தான். லாரி கவிழ்ந்து, காயெல்லாம் ரோட்டோரம் நசுங்கிக் கிடக்கிறதாம். விடிந்தால் திட்டக்குடி மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் உட்கார வேண்டும். அப்பா பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றவர், நின்றபடியே இருந்தார்.

நல்லவேளை, அன்று சந்தை நாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அம்மா நடந்த வேகத்துக்கு நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. சந்தை கலைந்துகொண்டிருந்தது. அஞ்சலை காலிக் கூடையைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் அம்மா அழுதுவிட்டாள். நான்தான் விஷயத்தைச் சொன்னேன்.

"யோவ், வண்டியப் பூட்டு!" என்று புருஷனிடம் கத்தினாள் அஞ்சலை. பிறகு அம்மாவிடம், "எதுக்கு அழுவுறீங்க? கூடதான காலி? கொல்ல அங்கதான இருக்குது. நீங்க வூட்டுக்குப் போயி அடுப்பப் பாருங்க" என்றாள். மூட்டை கட்டிக்கொண்டிருந்த மற்றவர்களுக்கும் குரல் கொடுத்தாள். அம்மாவைத் தெரியாதவர்கள் அங்கே யாரும் இல்லை.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு எங்கள் வாசலில் மாட்டுவண்டிகள் வந்து நின்றன. கத்திரிக்காய், பரங்கிக்காய், அவரை, முருங்கை, மண் உதிராத சேப்பங்கிழங்கு. சமையல்காரர் ஒரு கத்திரிக்காயைக் கீறிப் பார்த்தார். "இது போதுங்க. இனிமே என் பாடு" என்றார்.

மறுநாள் சம்பந்தி எண்ணெய்க் கத்திரிக்காயை இன்னொரு தரம் கேட்டு வாங்கினார். "காய் எங்க புடிச்சீங்க?" என்று அவர் கேட்க, அப்பா சற்றும் யோசிக்காமல், "நம்ம அஞ்சலை கொல்லையில" என்றார். சாம்பார் வாளியோடு வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள். எதிர் வரிசையில் குழந்தையை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த அஞ்சலை, "உப்புதான் ஒரு கல்லு கம்மி" என்றாள்.

அதற்குப் பிறகு சந்தைக்குப் பை தூக்கும் வேலையை அப்பா என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்.

அந்தக் கொல்லை இப்போது வீட்டுமனை. கத்திரிக்காய்க்கு ஒரு குறைவும் இல்லை, வருஷம் முழுக்கக் கிடைக்கிறது. ஆனால் யார் கொல்லையில் காய்த்தது என்று எனக்குத் தெரிவதில்லை. என் வீட்டில் நாளைக்குக் கல்யாணம் என்றால், அதைப் பறித்தவருக்கும் தெரியப்போவதில்லை.