டூரினா, பலெர்மோவா?

இன்று காலை காரில் மார்க்கம் நகருக்குப் போய்க்கொண்டிருந்தோம். மனைவி முன்னால், மகள் பின்னால்.

மகளுக்கு மேற்படிப்புக்காக இத்தாலியில் டூரின், பலெர்மோ என்ற இரண்டு நகரங்களில் இடம் கிடைத்திருக்கிறது. எது என்று இன்றைக்குள் சொல்லியாக வேண்டும்.

"பலெர்மோவில சித்தி இருக்கிறா. கோயில் இருக்கு, எங்கட சனம் இருக்கு. உனக்கு வேற என்ன வேணும்?" என்றாள் மனைவி.

"அதுதான் அம்மா. அங்க சித்தி இருக்கிறா. நான் டூரினுக்குப் போறன்."

ரேடியோவில் கை வைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

மனைவி பலெர்மோவுக்கு அழைத்துத் தங்கையை ஸ்பீக்கரில் போட்டாள். "நீயே இவளுக்குச் சொல்லு."

"அக்கா, பிள்ளையை டூரினுக்கே விடுங்கோ. இங்க வந்தா, எத்தினை மணிக்கு வீட்டுக்கு வந்தவள் எண்டு ஒவ்வொரு நாளும் என்னைத்தான் கேப்பியள்."

கண்ணாடியில் பார்த்தேன். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனில் பல்கலைக்கழகப் படிவத்தில் டூரினை அழுத்திவிட்டாள்.

பிறகு மனைவி தங்கையிடம் மெல்லக் கேட்டாள்: "டூரினில எங்கட ஆக்கள் ஆரும் இருக்கினமோ?"

டூரினில் இருக்கும் நண்பர்களே, தயவுசெய்து கீழே கமெண்டில் வந்து கை தூக்காதீர்கள். மனைவியும் இதை வாசிப்பாள்.