தாளின் மறுபக்கத்தில் இரண்டு வரி

அத்தை என் பாட்டு நோட்டில் ஒரு தாளைக் கிழித்தது காலாண்டு லீவின் நான்காம் நாள், வியாழக்கிழமை. நான் ஐந்தாம் வகுப்பு. லீவுக்கு அத்தை வீட்டில் இருந்தேன். நாள், கிழமை குறிக்கும் பழக்கம் எனக்கு அப்போதே உண்டு. அநியாயம் நடந்த நாளை மறப்பேனா?

அந்தத் தெருப் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் நான்கு வரிப் பாட்டில் கொன்று, பக்கத்திலேயே படமும் போட்டிருந்தேன். நகம் கடித்தவன் முழங்கை வரை தின்று தீர்த்தான். குளிக்க மறுத்தவளை ஈக்கள் தூக்கிக்கொண்டு போயின. செத்தவர்கள் எல்லாரும் கூடி உட்கார்ந்து வாசித்துச் சிரித்தார்கள்.

மாமாவுக்குப் பொறாமை. புதன்கிழமை மீன்பிடிக்க வள்ளத்துக்குக் கிளம்பும்போது, "ஏளா, என்னை மட்டும் ஏன் விட்டுட்ட? சுறா முழுங்குத மாதிரி ஒண்ணு எழுது. மீசையப் பெருசாப் போடணும், கேட்டியா?" என்று முறுக்கிக் காட்டினார். எழுதினேன்.

மாமா விழுந்தார் கடலிலே,
சுறா விழுங்கிச்சு நொடியிலே;
மீசை குத்தி வயிறு நொந்து
துப்பிப் போட்டது கரையிலே.

சுறாவும் மீசையும் இடத்தை அடைத்துக்கொண்டதால் கடைசி இரண்டு வரி தாளின் மறுபக்கம் போய்விட்டது.

வியாழன் காலையில் கரை சேர வேண்டிய வள்ளம் மதியம் வரை வரவில்லை. மாமா செல்போனையும் எடுக்கவில்லை. அந்த நேரம் பார்த்து நோட்டு அத்தை கையில் சிக்கியது. ஆள் கடலில் இருக்கும்போது வீட்டில் சாவுப் பேச்சே எடுக்கக் கூடாது. நான் படமே போட்டிருந்தேன்.

"மாமாதான் எழுதச் சொன்னாவ! திருப்பிப் பாருங்க அத்தை!"

"எழுதுததையும் எழுதிட்டு அவுக மேலயே பழி போடுதியா?"

தாள் நாலாகக் கிழிந்தது. என்னை இழுத்துப்போய்க் கடற்கரையில் சிலுவை நிற்கும் குருசடி முன்னால் முழங்காலில் நிறுத்தினாள். நான் ஓடிவிடாமல் காவலுக்குத் தானும் பக்கத்தில் முழங்காலிட்டாள். அரை மணி நேரம் கழித்து, "போ" என்றாள். நான் வீட்டுக்கு ஓடி, நாலு துண்டையும் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டினேன்.

எஞ்சின் பழுதான வள்ளத்தை இன்னொரு வள்ளம் சாயங்காலம் இழுத்து வந்தது. மாமா மீசையோடு இறங்கினார். ஒட்டிய தாளோடு ஓடினேன்.

"சொல்லுங்க மாமா, நீங்கதான எழுதச் சொன்னீங்க?"

அவர் தாளைப் பார்க்கவில்லை, குருசடிப் பக்கமிருந்து வந்த அத்தையைப் பார்த்தார். "நானா? நான் எதுக்குளா அப்படிச் சொல்லப் போறேன்?"

அன்று நோட்டில், "மாமா பொய் சொன்னார்" என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுதாக ஆறவில்லை. ஆனால் கிழமை, நேரம் எல்லாம் குறித்த நான், அத்தையின் சேலையில் முழங்கால் பக்கம் அப்பியிருந்த மணலைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. மாமா பார்த்தது அதைத்தான். கைதி போன பிறகும் சாயங்காலம் வரை காவல் ஏன் முழங்காலிலேயே இருந்தது என்று கேட்க எனக்கு அன்று தோன்றவில்லை.